தேதி இல்லாத பொன்வண்டு

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை நேரம். பள்ளிக்கூடம் போகிற வழியில் நிற்கும் வேலமரத்தில் பச்சையாகப் பளபளவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருத்தன் கிளையை உலுக்குகிறான், இன்னொருத்தன் கீழே சட்டையை விரித்துப் பிடிக்கிறான். பொன்வண்டு! முதல் பீரியட் தொடங்குவதற்குள் அது தீப்பெட்டிக்குள் போய்விடும். காற்றுக்கு இரண்டு ஓட்டை, சாப்பாட்டுக்கு நாலு இலை. கணக்கு வாத்தியார் போர்டு பக்கம் திரும்பும்போதெல்லாம் பெட்டி லேசாகத் திறக்கும். "முட்டை போட்டுருச்சாடா?"

தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நாய், பூனை, கிளி எல்லாம் வீட்டில் அப்பா அனுமதித்தால்தான். பொன்வண்டுக்கு யார் அனுமதியும் வேண்டாம். எத்தனையோ பேருக்கு 'இது என்னுடையது' என்று சொல்லி வளர்த்த முதல் பிராணி அதுதான்.

ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் வண்டு மல்லாந்து கிடக்கும். வளர்ந்த வண்டின் ஆயுளே சில வாரங்கள்தான். அதிலும் தீப்பெட்டி வாழ்க்கை என்றால் கேட்கவே வேண்டாம். அப்புறம் என்ன நடக்கும்? பத்தில் ஒன்பது பேர் ஜன்னல் வழியாக வீசி எறிவார்கள். ஒருத்தன் மட்டும் சிறகு ஓட்டைப் பிய்த்து, மயிலிறகு வைத்த அதே புத்தகத்தில் வைப்பான். அதோடு கதை முடிந்தது.

முடிந்திருக்கக் கூடாது. வளர்த்த பூச்சி செத்தால் அதைத் தூக்கி எறிவது மரியாதையும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. பதப்படுத்தி, பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வைப்பதுதான் சரி. அந்தச் சீட்டு இல்லாமல் வெறும் அழகுக்காகக் கண்ணாடிக்குள் மாட்டுவதும் தூக்கி எறிவதற்குச் சமம்தான். முதல் பாதியைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஒரு கூட்டம், இரண்டாவது பாதியைக் கேட்டுக் கோபப்படுபவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"சீ! செத்ததைப் போய் வீட்டுக்குள் வைப்பதா?"

முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேட்பவர் வீட்டுப் பூஜை அறையில் ஒரு சங்கு இருக்கும். அது ஒரு கடல் நத்தையின் ஓடு. உள்ளே ஓர் உயிர் இருந்தது. வரவேற்பறையில் மயிலிறகு இருக்கும். பீரோவில் காஞ்சிபுரம் பட்டு இருக்கும். ஒரு பட்டுச் சேலைக்கு ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்கள் கூட்டோடு வெந்நீரில் போகின்றன. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மணமேடையில் உட்காரும்போது யாருக்கும் அருவருப்பு வருவதில்லை. தானாகச் செத்துப்போன ஒரு வண்டு அலமாரியில் இருந்தால் மட்டும் 'அபசகுனம்'!

இறந்த உடல் பிரச்சினையாக இருந்தால் சங்கும் வெளியே போக வேண்டும். சங்கு போகாது. அப்படியானால் இங்கே பிரச்சினை பூச்சி என்கிற பெயர்தான். 'பூச்சி' என்றாலே நசுக்க வேண்டியது, மருந்து அடிக்க வேண்டியது என்று ஆகிவிட்டது. அந்த எண்ணத்தை உடைக்க, கையில் வைத்து உற்றுப் பார்க்க ஒரு பூச்சியைத் தருவதைவிட நல்ல வழி இல்லை. உயிரோடு இருக்கும்போது அது ஓடிவிடும், பறந்துவிடும். செத்த பிறகுதான் அதன் காலில் இருக்கும் முள்ளையும், கண்ணில் இருக்கும் நூற்றுக்கணக்கான சின்னக் கண்களையும் ஒரு குழந்தை நிதானமாகப் பார்க்க முடியும்.

"பாவம், மண்ணில் புதைத்துவிடலாமே?"

இது நல்ல மனசிலிருந்து வருகிற கேள்வி. இதற்குக் கேலியாகப் பதில் சொல்லக் கூடாது. வளர்த்ததைக் குத்தி வைக்க மனம் வராதுதான். ஆனால் பதப்படுத்துவதும் துக்கப்படுவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யார் சொன்னது?

பூச்சி வளர்ப்பில் உலகத்துக்கே அண்ணன் ஜப்பான். அங்கே கபுத்தோமுஷி என்கிற கொம்பு வண்டை வளர்க்காத சிறுவர்கள் குறைவு. கோடையில் வெளியே வரும் அந்த வண்டு இலையுதிர் காலத்துக்குள் செத்துவிடும். கோடை விடுமுறை வீட்டுப்பாடமாகப் பூச்சிகளைப் பதப்படுத்திப் பெட்டியில் அடுக்கிப் பள்ளிக்குக் கொண்டுபோவது அங்கே பல தலைமுறைகள் பார்த்த வழக்கம். அதே ஜப்பானில் பூச்சிகளுக்கு நினைவுக் கல்லும் வைத்திருக்கிறார்கள்!

மசியாமா செஸ்ஸாய் என்று ஒரு குறுநில மன்னர் இருந்தார். நாகஷிமா பகுதியை ஆண்டவர், ஓவியர். பூச்சிகளை அச்சு அசலாக வரைந்தவர். தன் படங்களுக்காக உயிர்விட்ட பூச்சிகளின் ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் காலமான பிறகு 1821-இல் அதற்காக ஒரு கல் நாட்டினார்கள். டோக்கியோவில் உயெனோ பகுதியில் உள்ள கனேய்ஜி கோவிலில் அது இன்றும் இருக்கிறது. நம் காலத்திலும் ஒருவர் உண்டு. உடற்கூறியல் பேராசிரியரும் வண்டு சேகரிப்பாளருமான யோரோ தகேஷி, 2015-இல் காமகுராவின் கென்சோஜி கோவிலில் ஒரு பூச்சி நினைவிடம் அமைத்தார். வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கெங்கோ குமா. ஆண்டுதோறும் ஜூன் 4 அன்று அங்கே பூச்சிகளுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது. ஜப்பானிய மொழியில் 6 என்பதை 'மு' என்றும் 4 என்பதை 'ஷி' என்றும் படிக்கலாம். சேர்த்தால் முஷி, அதாவது பூச்சி :-)

வாழ்நாள் முழுக்கப் பூச்சியை ஊசியில் குத்தியவரே அதற்காகக் கும்பிடவும் செய்கிறார். இதில் போலித்தனம் எதுவும் இல்லை. ஓர் உயிரை உற்றுப் பார்த்தவனுக்குத்தான் அதற்குக் கடன்பட்டிருப்பது தெரியும். பார்க்காமல் புதைத்தவன் அடுத்த வாரமே மறந்துவிடுவான்.

அழகுக்காக மாட்டுகிறவர்களுக்கு

இனி இரண்டாவது கூட்டம். ரெசினுக்குள் உறைந்த தேள் சாவிக்கொத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் நீல வண்ணத்துப்பூச்சி, மேஜை மேல் வைக்க வண்டு. 'இயற்கையின் மேல் எனக்கு அவ்வளவு காதல்' என்று சொல்லிக்கொண்டே வாங்குகிறார்கள். அந்தச் சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த ஊர், எந்த மாதம், என்ன இனம்? பெரும்பாலும் எதுவும் இருக்காது. விலை மட்டும் இருக்கும். அது வளர்ந்து, வயதாகிச் செத்ததா, அல்லது விற்பதற்காகவே கொல்லப்பட்டதா? வாங்கியவருக்குத் தெரியாது. கேட்டிருக்கவும் மாட்டார்.

பொன்வண்டின் சிறகுக்கு இந்தக் கொடுமை புதிதல்ல. 1888-இல் லண்டன் மேடையில் லேடி மேக்பெத்தாக நடித்த எல்லன் டெர்ரி அணிந்த பச்சை உடையில் சுமார் ஆயிரம் பொன்வண்டுச் சிறகுகள் தைக்கப்பட்டிருந்தன. ஜான் சிங்கர் சார்ஜென்ட் அதை ஓவியமாகவே தீட்டினார். பல வருடம் பாடுபட்டுச் சீரமைத்து 2011-இல் அந்த உடையைத் திரும்பக் காட்சிக்கு வைத்தார்கள். சிறகுகள் இன்றும் மின்னுகின்றன. காரணம், பொன்வண்டின் நிறம் சாயம் அல்ல. ஓட்டின் மெல்லிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் வருவது. சாயம் வெளுக்கும், அடுக்கு அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. ஜப்பானின் ஹோர்யூஜி கோவிலில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சின்னச் சன்னதியை இதேபோல் வண்டுச் சிறகால் அலங்கரித்திருந்தார்கள். பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டாலும், மிச்சம் இருப்பதில் ஒளி இருக்கிறது.

நூறு வருடம், ஆயிரம் வருடம் நிறம் நிற்கிறது. ஆனால் அந்த உடையில் இருக்கும் ஆயிரம் சிறகும் எந்தக் காட்டில், எந்த மரத்தில், எந்த மழைக்குப் பிறகு பிடிபட்டவை? உடையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அழகு தப்பித்தது, விவரம் செத்தது. கண்ணாடிச் சட்டம் வாங்குகிறவர் செய்வதும் இதையேதான்.

இந்தச் சந்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2020-இல் இலங்கையின் யால தேசியப் பூங்காவில் ஜாடி ஜாடியாகப் பூச்சிகளோடு ஓர் இத்தாலியத் தந்தையும் மகனும் பிடிபட்டார்கள். 2024-இல் நீதிமன்றம் விதித்த அபராதம் 6 கோடி இலங்கை ரூபாய். பூச்சிதானே என்று நினைப்பவர்கள் அந்தத் தொகையை ஒருமுறை எழுத்தால் எழுதிப் பார்க்கலாம்.

ஒரு சீட்டு என்ன செய்யும்?

ஜெர்மனியில் கிரேஃபெல்ட் என்றொரு ஊர். அங்கே 1905-இல் தொடங்கிய ஒரு பூச்சியியல் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்காகப் பூச்சி பார்க்கிறவர்கள். 1989 முதல் 2016 வரை 27 வருடங்கள், 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரே மாதிரிப் பொறி வைத்து, விழுந்த பறக்கும் பூச்சிகளை எடை போட்டார்கள். ஆல்கஹால் பாட்டிலில் போட்டு, இடமும் தேதியும் எழுதி அடுக்கி வைத்தார்கள். 2017-இல் கணக்கு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மொத்த எடை 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. அதுவும் பாதுகாக்கப்பட்ட இடங்களில்!

அவர்கள் பூச்சிகளைக் கொன்றுதான் சேர்த்தார்கள். அதைப் பற்றித் தனியாக விவாதிக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது பாட்டிலில் ஒட்டிய சீட்டை. அது மட்டும் இல்லையென்றால் 27 வருட உழைப்பும் வெறும் ஊறுகாய்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். "முன்னெல்லாம் எவ்வளவு பொன்வண்டு இருக்கும் தெரியுமா? இப்ப கண்ணுலயே படறதில்லை" என்று சொல்லாத மாமா, சித்தப்பா உண்டா? சரி மாமா, எந்த வருடம் வரை இருந்தது? "அதெல்லாம் யாருக்குடா ஞாபகம்..." எந்த மரத்தில்? "ஏதோ ஒரு மரம்..." ஒரே இனமா, இரண்டு மூன்று இனமா? பதில் இல்லை.

எத்தனை தலைமுறைச் சிறுவர்கள், எத்தனை கிராமங்கள், எத்தனை தீப்பெட்டிகள்! கிரேஃபெல்ட் சங்கத்தைவிடப் பெரிய பூச்சி சேகரிப்புப் படை தமிழ்நாட்டில் சம்பளம் இல்லாமல் வேலை செய்திருக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒருத்தன் செத்த வண்டை எறியாமல், தீப்பெட்டியின் பின்பக்கம் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி வைத்திருந்தால் போதும். பொன்வண்டு எங்கே குறைந்தது, எப்போது குறைந்தது, வேலமரம் வெட்டியதாலா, வயலில் அடித்த மருந்தாலா என்று பேச இன்று கையில் ஏதாவது இருந்திருக்கும். இப்போது இருப்பது பெருமூச்சு மட்டும். பெருமூச்சை எந்த ஆய்வுக்கூடத்திலும் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள்.

"அதெல்லாம் விஞ்ஞானிகள் வேலை"

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018-இல் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் எவ்வளவு பெரிய அருங்காட்சியகமாக இருந்தாலும் ஒவ்வொரு ஊர் வேலமரத்தடியிலும் ஆள் போட முடியாது. அங்கே ஏற்கெனவே ஒரு பையன் நிற்கிறான். அவன் சட்டைப் பையில் பென்சிலும் இருக்கிறது.

"போட்டோ எடுத்தால் போதாதா?" உயிரோடு இருக்கும் பூச்சிக்குப் போட்டோவே போதும், அதுவே சிறந்தது. பிடிக்காமல், கொல்லாமல், இடமும் தேதியும் தானாகப் பதிவாகும். ஆனால் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் பூச்சிக்கு என்ன தயக்கம்? பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனங்களைப் பிரிக்க அடிவயிற்றையும் காலையும் லென்ஸில் பார்க்க வேண்டியிருக்கும். மேலிருந்து எடுத்த போட்டோவில் அது கிடைக்காது. உடல் இருந்தால் ஐம்பது வருடம் கழித்தும் வேறொருவர் சரிபார்க்கலாம்.

வேளாண்மை படிக்கும் மாணவர்களிடமும் ஒரு வார்த்தை. பூச்சிப் பெட்டி சமர்ப்பித்தால்தான் மதிப்பெண் என்று பாடத்திட்டம் சொல்கிறது. உடனே என்ன நடக்கிறது? சீனியர் பெட்டி ஜூனியருக்குக் கைமாறுவதுண்டு. பழைய சீட்டைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தேதி, புது ஊர், புதுப் பெயர்! சீட்டே இல்லாத பூச்சி ஊமை. பொய்ச் சீட்டு குத்திய பூச்சி பொய்ச்சாட்சி. ஊமையால் யாருக்கும் கெடுதல் இல்லை. பொய்ச்சாட்சியை நம்பி ஒருவர் வரைபடம் போட்டால் அந்த வரைபடமும் பொய்.

சரி, எப்படி வைப்பது?

பெரிய வித்தை இல்லை. செத்துக் காய்ந்த வண்டு விறைப்பாக இருக்கும், தொட்டால் கால் உடையும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத் துணி வைத்து, பூச்சி நேராக ஈரத்தில் படாமல் ஒரு சின்ன மூடியின் மேல் வைத்து மூடுங்கள். ஓரிரு நாளில் மூட்டுகள் இளகும். பூஞ்சை பிடிக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

இளகியதும் தெர்மாகோல் மேல் வைத்துக் கால்களை அழகாக விரித்து, பக்கத்தில் ஊசிகளைக் குத்தி அணை கொடுங்கள். வண்டுக்கு ஊசி குத்துவதாக இருந்தால் நடுவில் குத்தக் கூடாது, வலது சிறகு ஓட்டின் முன்பகுதியில் குத்த வேண்டும். உலகம் முழுக்க இதுதான் முறை. இடது பக்கமும் நடுவும் சேதமில்லாமல் மிஞ்சும். சாதாரணக் குண்டூசி துருப்பிடித்து உடலையே கெடுக்கும், துருப்பிடிக்காத ஊசி வாங்குங்கள். குத்த மனசில்லையா? அட்டையில் தண்ணீரில் கரையும் பசையால் ஒட்டலாம். ஒன்றிரண்டு வாரம் நிழலில் காயட்டும்.

வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி மாதிரி பெருவயிற்றுக்காரர்கள் கொஞ்சம் சிரமம். வயிற்றை அடிப்பக்கம் கீறி உள்ளே இருப்பதை எடுத்துப் பஞ்சு வைக்காவிட்டால் அழுகிக் கருத்துவிடும். அவற்றின் பச்சை நிறமும் நிற்காது, பழுப்பாகிவிடும். பொன்வண்டுக்கு அந்தக் கவலை இல்லை.

எதிரிகள் நான்கு: எறும்பு, பூஞ்சை, வெயில், காய்ந்த பூச்சியையே தின்னும் சின்ன வண்டுகள். பெட்டி இறுக்கமாக மூட வேண்டும். காய்ந்ததை ஒரு பாலித்தீன் பையில் போட்டுச் சில நாட்கள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஒளிந்திருக்கும் புழுவும் சாகும் (அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்!). அந்துருண்டை வைப்பவர்கள் அதைத் தெர்மாகோலில் படாமல் வைக்க வேண்டும். அதன் ஆவி தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான சீட்டு. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை பரவும், வெளுக்கும். எந்த ஊர், எந்த இடம், எந்த மரம், எந்தத் தேதியில் பிடித்தது, எந்தத் தேதியில் செத்தது, பிடித்தது யார். முட்டையிலிருந்து வீட்டிலேயே வளர்ந்ததாகவோ கடையில் வாங்கியதாகவோ இருந்தால் அதையும் எழுத வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த வண்டு சென்னையில் செத்தது என்பதற்காக அதைச் சென்னை வண்டு ஆக்கிவிடக் கூடாது. இனத்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம், தேதியைப் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

மீறக் கூடாத மூன்று

ஒன்று, பெட்டியில் வைப்பதற்காகக் கொல்லாதே. வளர்த்தது வாழ்ந்து முடியட்டும். கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவிடும் விளையாட்டை வளர்ப்பு என்று சொல்லாதே.

இரண்டு, சட்டத்தை மீறாதே. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்ட அட்டவணைகளில் யானை, புலியோடு பூச்சிகளும் இருக்கின்றன, குறிப்பாகப் பல வண்ணத்துப்பூச்சிகள். அவற்றைச் செத்த நிலையில் கண்டாலும் எடுக்கக் கூடாது. தேசியப் பூங்காவிலிருந்தும் சரணாலயத்திலிருந்தும் எதையும் எடுக்கவே கூடாது.

மூன்று, காசு கொடுத்துச் செத்த பூச்சி வாங்காதே. வளர்த்தவனுக்கு மட்டும்தான் வைத்துக்கொள்ளும் உரிமை. வாங்குகிறவன் அடுத்த கொலைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறான்.

இதையெல்லாம் படித்துவிட்டு "ஒரு வண்டுக்கு இவ்வளவா?" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த ஒரு வண்டு மண்ணுக்கடியில் புழுவாக வேரைத் தின்று வளர்ந்து, மழைக்காகக் காத்திருந்து, சில வாரம் மட்டும் வெளிச்சத்தைப் பார்க்க வந்தது. அந்தச் சில வாரத்திலும் பாதியை ஒரு பையனின் சட்டைப் பையில் கழித்தது. பதிலுக்கு அவன் தர வேண்டியது ஒரே ஒரு வரி. ஊர், மரம், தேதி.

தீப்பெட்டியின் பின்பக்கம் அதற்கு இடம் இருக்கிறது.